மறு: 'வட்டாரப் பாணி' – கெரிஸ் பிடிக்கும் உறைக்கும் வேறு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'வட்டாரப் பாணி' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, புரிகிறதுதான், ஆனால் தவறாகப் புரிகிறது. கெரிஸ் என்னும் குத்துவாள் முதலான பழைய இந்தோனேசிய வாள், கத்திகளுக்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கெரிஸ் பிடிக்கு 'வட்டாரப் பாணி: பூகிஸ்' (பூகிஸ் என்போர் சுலவேசித் தீவு மக்கள்) என்று எழுதிய குறிப்பைப் படித்த ஒருவர், "அப்படியானால் இது சுலவேசியில் செய்ததா?" என்று கேட்டார். அப்படிச் சொல்லவே முடியாது. 1669-இல் சுலவேசியின் மக்காசார் அரசு வீழ்ந்தபின் பூகிஸ் மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடல்கடந்து ரியாவு, சுமத்ரா, மலாய் தீபகற்பம் என்று குடியேறினார்கள், அவர்களோடு அந்தப் பிடியும் போயிற்று. பறவைத் தலை குனிந்து மடங்கினாற்போல, கிட்டத்தட்ட கைத்துப்பாக்கிப் பிடி மாதிரி வளையும் அந்த வடிவத்தை எந்த ஊர்த் தச்சரும் செய்திருக்கலாம். 'ஜாவா டெமாம்' என்ற பிடிவகை இன்னும் மோசம். காய்ச்சலில் கைகளைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஜாவாக்காரர் என்று அந்தப் பிடிக்குப் பெயர், ஆனால் அது கிடைப்பது சுமத்ராவிலும் மலாய் நாட்டிலும்தான்.

அதனால் 'வட்டாரம்' வேண்டாம் என்கிறேன். 'செதுக்குமரபு' என்பது என் முன்மொழிவு. மரபு என்றால் கைமாறி வருவது, ஆளோடு இடம்பெயர்வது. பாலி மரபில் பக்கத்துத் தீவான லொம்போக்கில் செய்த பிடி என்று சொன்னால் முரணாகத் தெரியாது.

> ஆனால் மரபு என்றாலே கோயில், சடங்கு என்று மனம் போகிறதே?

எனக்கும் முதலில் அந்தத் தயக்கம் இருந்தது. பிடிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது போய்விட்டது. பாலிப் பிடி ஒன்றில் அரக்கனோ தேவனோ முழு உருவமாக, கண் பிதுங்க, நகையணிந்து உட்கார்ந்திருப்பார். நடு ஜாவாவின் வழக்கமான பிடியிலோ வெளிப்படையான உருவம் இல்லை. பக்கங்கள் மழமழவென்று, மேலே ஒரு சின்ன இடத்திலும் அடியில் ஒரு சின்ன இடத்திலும் மட்டும் செதுக்கல். விரல் நகத்தால் தடவினால் சுருள்கள் தட்டுப்படும், உற்றுப் பார்த்தால் அந்தச் சுருளுக்குள் ஒரு முகம் ஒளிந்திருக்கிறதோ என்று தோன்றும். இவ்வளவு அடக்கம் தலைமுறை தலைமுறையாகப் பழகி வந்தது, 'பாணி' என்ற சொல் இதைத் தாங்கவில்லை. மதுராவில் (மதுரா தீவு என்றே எழுதுவோம், இல்லாவிட்டால் வடநாட்டு மதுராவைத்தான் நினைப்பார்கள்) தந்தத்தில் பூங்கொடி ஓடவிட்டிருப்பார்கள், நடுவே சிறகு முளைத்த குதிரை, சிலவற்றில் ஐரோப்பிய மணிமுடிகூட உண்டு.

உறைக்கு வருவோம். ஜாவாவில் உறையின் மேல்பகுதி அகன்று படகு மாதிரி இருக்கும். 1755 கியாந்தி ஒப்பந்தத்தில் ஜாவாவின் மாத்தரம் அரசு இரண்டாகப் பிரிந்ததும் சுரகார்த்தாவுக்கு ஒரு வடிவம், யோக்யகார்த்தாவுக்கு ஒரு வடிவம் என்று ஆயிற்று. சுரகார்த்தாவில் 'லாட்ராங்', யோக்யகார்த்தாவில் 'பிராங்கா'. இரண்டும் விழாக்கால உறைகள். 'கயாமான்' என்ற உருண்ட வடிவம் அன்றாடத்துக்கு. அந்த அகன்ற பகுதிக்கு 'உறைமுகம்', கீழே நீளும் குழலுக்கு 'உறைத்தண்டு' என்று எழுதி வருகிறேன், யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் மாற்றிக்கொள்கிறேன்.

இந்தச் சொல் எதற்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். கெரிஸில் அலகு (கத்தியின் இரும்புப் பகுதி) ஒரு நூற்றாண்டு, பிடி இன்னொரு நூற்றாண்டு, உறை போன தலைமுறை என்று இருப்பது சாதாரணம். மரம் விரியும், உடையும், மாற்றுவார்கள். எனவே 'இந்தக் கெரிஸின் செதுக்குமரபு' என்று எழுதக்கூடாது, 'இந்தப் பிடியின்', 'இந்த உறையின்' என்றுதான் எழுத வேண்டும். இதை நான் விடாமல் சொல்வேன். போர்னியோவின் தயாக் மக்களுடைய மண்டாவ் வாளுக்கும் இதே விதிதான். மான்கொம்புப் பிடி ஓரிடத்தது, பிரம்பு கட்டிய உறை வேறிடத்தது என்று சேர்ந்தே வரும். நியாஸ் தீவின் பலாத்தோ வாள் பிடியில் வாய்பிளந்த லசாரா என்ற கற்பனை விலங்கின் தலையைப் பார்த்தவுடன், அந்தப் பிடி நியாஸ் மரபு என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

அப்புறம் ஒரு பிடியோ உறையோ எந்த மரபு என்ற முடிவுக்கு வரும் செயலுக்கு என்ன பெயர்? 'அடையாளம் காணல்' என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அது தீர்ப்பு மாதிரி ஒலிக்கிறது. ஜாவாக்காரர்களே அலகின் காலத்தையும் இடத்தையும் சொல்வதற்கு 'தங்குஹ்' என்கிறார்கள், அந்தச் சொல்லிலேயே உத்தேசம் என்ற பொருள் இருக்கிறது. நாமும் 'மரபுக்கணிப்பு' என்போம். கணிப்பு பிழைக்கலாம் என்பது தமிழில் எல்லோருக்கும் தெரியும். 'மதிப்பீடு' வேண்டாம், விலை கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

எழுதிப் பார்த்தது இப்படி:

"பிடி: தந்தம், மதுராத் தீவுச் செதுக்குமரபு. உறைமுகம்: லாட்ராங், சுரகார்த்தா மரபு. மரபுக்கணிப்பு வடிவத்தை வைத்துச் செய்தது."

'செதுக்குமரபு' சேர்த்தெழுதலாமா, 'செதுக்கு மரபு' என்று பிரிப்பதா? 'செதுக்கல் மரபு' என்றால் இன்னும் எளிதாக இருக்குமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் குறிப்புகளை அனுப்ப வேண்டும்.