குடிய நிறுத்திட்டு வந்த தம்பிக்கு கோயம்புத்தூர்ல வேலை வேணும்ங்க, மீட்டிங் பத்தியும் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. என் தம்பி கணபதில ஒரு லேத் பட்டறைல இருந்தான், குடிக்கு ட்ரீட்மென்ட் முடிச்சு போன மாசம் வீட்டுக்கு வந்துட்டான். சாப்பிடறான், தூங்கறான், எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பிரச்சனையே இனிமேதான். பழைய பட்டறைல மறுபடி கூப்புடறாங்க, ஆனா அங்க சனிக்கிழமை சம்பளம் கைல வந்ததும் எல்லாரும் சேந்து நேரா டாஸ்மாக்தான், அங்க இவன அனுப்ப மனசே வரல. பேங்க்ல மாச சம்பளம் போடற கம்பெனி ஏதாச்சும் தெரியுமாங்க? சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடற) மிஷின் ஓட்டுவான், வெர்னியர், மைக்ரோமீட்டர் வெச்சு அளவெல்லாம் பாப்பான், நைட் ஷிப்ட் மட்டும் வேண்டாம், தூக்கம் கெட்டா மறுபடி ஆசை வரும்னு டாக்டர் சொல்லிருக்காங்க.

டைசல்ஃபிரம் மாத்திரை போடறான். அது உடம்புல இருக்கறப்ப குடிச்சா மூஞ்சி செவந்து வாந்தி, நெஞ்சு படபடப்புன்னு ஆயிரும், ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்பு கூட ஆகாது. எங்க சித்தப்பா என்னடான்னா "விசேஷத்துல ஒரு பீர் குடிச்சா என்னடா"ங்கறாரு. அடுத்த மாசம் கல்யாணம் வேற வருது, இந்த மாதிரி சொந்தக்காரங்கள நீங்கல்லாம் எப்படி சமாளிச்சீங்க?

அப்பறம் தமிழ்ல நடக்கற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நெனைக்கறவங்க கூடி பேசறது) மீட்டிங் எங்க இருக்குன்னு சொல்லுங்க, காந்திபுரம் பக்கம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேலன்னா ரொம்ப நல்லது. குடும்பத்துக்குன்னு அல்-அனான் இருக்குல்ல, அதுக்கு அம்மாவ கூட்டிட்டு போகணும், அவங்க இவன் பாத்ரூம் போனா கூட வெளிய நிக்கறாங்க பாவம். 14446 போதை மீட்பு ஹெல்ப்லைன் தெரியும்ங்க, நேர்ல போய்ட்டு வந்தவங்க சொல்றதுதான் வேணும். பண உதவி எல்லாம் வேண்டாம், வெளிப்படையா சொல்ல சங்கடமா இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.