புதுப்பிப்பு: எண்ணெய் வண்ணத்தில் முகம் சேற்று நிறமாவது தீர்ந்தது

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் பூக்கட்டும் அக்காவைத் தீட்டும்போது, தனித்தனியாக வைத்த தூரிகைத் தடங்கள் கலந்து முகம் சேற்று நிறமாகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

பலன் தந்தது, அடிப்பூச்சைக் காயவிடச் சொன்ன யோசனைதான். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தை டர்பென்டைனில் கரைத்து மெலிதாகப் பூசினேன். அம்பரிலுள்ள மாங்கனீசு எண்ணெயைச் சீக்கிரம் உலர்த்தும். அப்புறம் தட்டையான பன்றிமுடித் தூரிகையில் வண்ணத்தை நிறைய எடுத்து ஒரே இழுப்பு, உடனே தூரிகையைத் துணியில் துடைப்பு. வைத்த தடத்தைத் திரும்பத் தொடவே இல்லை.

எதிர்பாராதது, கன்ன நிழலில் ஓக்கர் என்ற மண்மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்த அல்ட்ராமரின் நீலம். இரண்டும் ஒரே அளவு கருமையாக இருந்த இடத்தில், தள்ளி நின்று பார்த்தால் அது தோலாகவே தெரிகிறது, அவ்வளவு அழகு! நீலம் கூடுதலாகக் கருத்த இடம் மட்டும் காயம்போல் துருத்தியது. கொஞ்சம் வெள்ளை கலந்ததும் சரியானது. டைட்டானியம் வெள்ளை சேர்ந்த தடித்த தடங்கள் இன்னும் காயவில்லை. வார்னிஷ் போட அவசரப்படாதீர்கள்.