க்ளென் எக்கோ பார்க்கில் என்ன மிச்சம் இருக்கிறது?

கேள்வி:
மேரிலாந்தில், வாஷிங்டனை ஒட்டியுள்ள க்ளென் எக்கோ பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போகலாம் என்றிருக்கிறோம். ஒரு காலத்தில் பெரிய கேளிக்கைப் பூங்காவாம், டிராமில் வந்து கட்டுச்சோறு சாப்பிட்டுப் போவார்களாம். பழையது ஏதாவது இருக்கிறதா?

பதில்:
இருக்கிறது, தாராளமாகப் போங்கள். ரோலர் கோஸ்டர் போய்விட்டது, நீச்சல் குளத்தின் முகப்பு மட்டும் நிற்கிறது, ஆனால் 1921இல் வைத்த, டென்ட்சல் நிறுவனம் செய்த குடை ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. மரத்தில் கையால் செதுக்கிய குதிரைகள், முயல்கள், நெருப்புக்கோழிகள், ஒரு சிங்கம், ஒரு புலி. பூங்கா 1968இல் மூடியபின் ராட்டினத்தையும் விற்றுவிட்டார்கள், அக்கம்பக்கத்து மக்கள்தான் பணம் திரட்டி மீட்டார்கள்.

பதில்:
அந்த ராட்டினத்தில் ஏறும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் அங்கே கறுப்பின மக்களுக்கு அனுமதியே கிடையாது. 1960 ஜூன் 30 அன்று ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் டிக்கெட்டோடு போய் அதே ராட்டினத்தில் உட்கார்ந்தார்கள், இறங்க மறுத்த ஐந்து பேரைக் கைது செய்தார்கள். பக்கத்துக் குடியிருப்பின் வெள்ளையர்களும் கோடை முழுக்க வாசலில் மறியலுக்கு நின்றது எனக்குப் பெரிய விஷயம். 1961இல் எல்லோருக்கும் கதவு திறந்தது; அந்த ஐந்து பேரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1964இல்தான்.

கேள்வி கேட்டவர்:
இது தெரியாமலே போயிருப்போம், ரொம்ப நன்றி. குளிர்காலத்தில் ராட்டினம் ஓடுமா?

பதில்:
ஓடாது, மே மாதத்துக்குப் பிறகு போங்கள். ஸ்பானிஷ் பால்ரூமில் நடனம் இருக்கும் நாளாகப் பாருங்கள், 1933இல் கட்டிய கூடம் அது.