புதுப்பிப்பு: 65,535-இல் முட்டி நின்ற அரே இப்போது ஓடுகிறது

போன வாரம் கேட்டிருந்தேன்: ஆர்பிஜி-யில் (ஐபிஎம் கணினிகளில் வணிகக் கணக்குகளுக்கான நிரல்மொழி) ஓர் அரே, அதாவது ஒரே மாதிரி வரிசைகளின் தொகுப்பு; வரிசைக்கு 40 பைட், மொத்தம் 9,999 வரிசை. அதைப் பெயரிட்ட டேட்டா ஸ்ட்ரக்சருக்குள் (பல புலங்களைச் சேர்த்த கட்டு) ஓவர்லே செய்தால், அதாவது அதே இடத்தின் மேல் வைத்தால், வி5ஆர்4 (ஐபிஎம் இயங்குதளத்தின் பழைய பதிப்பு) கம்பைலர் ஏற்கவில்லை. அங்கே உச்சவரம்பு 65,535 பைட். எனக்கு வேண்டியது 3,99,960.

தேவகோட்டை அண்ணன் ஒருவர் சொன்ன வழி கைகொடுத்தது. அரேயைத் தனியாக அறிவித்து, 40 பைட் ஸ்ட்ரக்சரை ஒரு பாயின்ட்டரின் (நினைவக முகவரியைச் சுட்டும் மாறி) மேல் உட்கார வைத்து, பாயின்ட்டரை வரிசை வரிசையாக நகர்த்தினேன். நகலே கிடையாது, ஒரே நினைவிடத்துக்கு இரண்டு வழி. நம் காரைக்குடி வீடு மாதிரிதான்: முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு, வீடு ஒன்று. கணக்கு எண் முதல் 8 பைட்டில் இருப்பதால் சார்ட்டா-வும் (அரேயை வரிசைப்படுத்தும் கட்டளை) ஒழுங்காக அடுக்கித் தருகிறது.

முதல் ஓட்டத்தில் பாயின்ட்டரை நகர்த்த மறந்து, 9,999 தடவையும் முதல் வரிசையிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். சரி, அதை விடுங்கள். அடுத்த பதிப்பான வி6ஆர்1-இல் வரம்பே 1.6 கோடி பைட்டைத் தாண்டிவிட்டது, வாடிக்கையாளர் அதற்கு மாறினால்தானே!