ஓவன் லிவர்பூல் லெஜண்டா? யார் சொன்னது?

குடமுருட்டி:
நேற்று ராத்திரி இங்கே ஒருத்தர் "இங்கிலாந்துக் கால்பந்து கிளப் லிவர்பூலின் டாப் 5 லெஜண்டுகள்" என்று பட்டியல் போட்டிருந்தார். டால்கிளிஷ், ரஷ், ஜெரார்ட், ஃபவுலர், ஐந்தாவதாக மைக்கேல் ஓவன். முதலில் ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். இல்லை, படமும் சேர்த்தே போட்டிருக்கிறார். 737 ஆட்டம் ஆடி, வாழ்நாளில் வேறு கிளப் வாசலையே மிதிக்காத கேராகருக்கு இடம் இல்லையாம். 2009-ல் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய் 7-ம் நம்பர் சட்டையை மாட்டிக்கொண்டவருக்கு இடம் உண்டாம். காலையிலிருந்து டீ தொண்டையில் இறங்கவில்லை. பட்டியல் போட்டவர் எங்கிருந்தாலும் வந்து பதில் சொல்ல வேண்டும்.

அரசலாறு:
போட்டது நான்தான் அண்ணே, பெயர் சொல்லியே திட்டலாம். 297 ஆட்டத்தில் 158 கோல். 1997-98-லிருந்து தொடர்ந்து ஏழு சீசன் கிளப்பில் அதிக கோல் அவருடையது. 2001-ல் பாலன் டி'ஓர், அதாவது அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அதற்குப் பிறகு இன்றுவரை எந்த இங்கிலாந்துக்காரரும் அதைத் தொடவில்லை.

அந்த வருஷ இங்கிலாந்து எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தை நீங்கள் பார்த்தீர்களா? மே 12, கார்டிஃப். நான் கும்பகோணத்தில் கேபிள்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். 72-வது நிமிடத்தில் ஆர்சனலின் லியூங்பெர்க் அடித்ததும் திண்ணையில் பாதிப் பேர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். 83-ல் ஓவன் ஒன்று. 88-ல் இன்னொன்று. பெர்கர் பின்னாலிருந்து தூக்கிப் போட்ட பந்து, டிக்ஸனையும் ஆடம்ஸையும் ஓடியே தாண்டி, இடது காலால் கோல்கீப்பர் சீமன் கைக்கு எட்டாத மூலையில் உருட்டிவிட்டார். போனவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது ரீப்ளே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு லிவர்பூல் ரசிகன் ஆனவன் நான். எனக்கு அவர் லெஜண்ட்தான்.

குடமுருட்டி:
கோல் அடித்தார், யார் இல்லை என்றது? நான் கேட்டது 2009. அதற்கு ஒரு வரி பதில் இருக்கிறதா உன் திண்ணைக் கதையில்?

வெட்டாறு:
ஒரு சின்ன யோசனை. லெஜண்ட் என்றால் என்ன என்று முதலில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டு அப்புறம் பேசலாமே? எத்தனை வருஷம் ஆடினார், என்ன கோப்பை வாங்கினார், எப்படிக் கிளம்பினார், இதில் எது முக்கியம்?

குடமுருட்டி:
எப்படிக் கிளம்பினார் என்பதைத்தானே மூச்சு முட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2004-ல் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு ரியல் மாட்ரிட் போனார். சரி, போகட்டும். அடுத்த வருஷமே இஸ்தான்புல்லில் 0-3-லிருந்து எழுந்து லிவர்பூல் ஐரோப்பியக் கோப்பை வாங்கியது. ஆண்டவன் கணக்கு அது. அப்புறம் நியூகாசில். அதையும் விடு. ஆனால் 2009?

செங்கிப்பட்டிப் பேய்:
யுனைடெட் ரசிகன் நான், பேசலாமா? சண்டை போடாதீர்கள். ஓவனை எங்களிடம் கொடுத்துவிடுங்கள், பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். 2009 செப்டம்பர் 20, மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக 96-வது நிமிடம், கிக்ஸ் தள்ளிக் கொடுத்தார், ஓவன் முடித்தார், 4-3. எங்கள் மைதானம் ஓல்டு டிராஃபோர்டு ஆடியது. எங்கள் வீட்டிலும் ஒரு ஸ்டூல் உடைந்தது.

மதிலழகு:
பேயே, உன் சந்தோஷத்தை உன் வீட்டில் வைத்துக்கொள்.

குடமுருட்டி அண்ணனுக்கு ஒரு கேள்வி. யுனைடெட்டின் மிகப் பெரிய மேனேஜர்களில் ஒருவரான மேட் பஸ்பி, ஆட்டக்காரராக இருந்தபோது லிவர்பூலில் ஆடியவர், அதற்கு முன்னால் மான்செஸ்டர் சிட்டியில். யுனைடெட்காரர்கள் அவரைத் தள்ளியா வைத்தார்கள்? இன்னொன்று, இரண்டு கிளப்புக்கும் நடுவில் நேரடியாக ஆள் மாறியது கடைசியாக 1964-ல், சிஸ்னால் என்பவர். ஓவன் இங்கிருந்து நேராக அங்கே போகவில்லை. ஐந்து வருஷம் கழித்து, நியூகாசில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, ஒப்பந்தம் முடிந்து கையில் வேலை இல்லாமல் நின்றபோது போனார். பசிக்குப் போனவனைத் துரோகி என்பீர்களா?

குடமுருட்டி:
பசியா? அந்தக் காலில் எத்தனை கோடி சம்பாதித்தார், பசியாம்! குறுவை போய், சம்பாவும் சாய்ந்து நிற்பவனுக்குப் பசி என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். பஸ்பி காலம் வேறு. அன்றைக்கு இந்தப் பகை இந்த அளவில் இல்லை.

சட்டை மட்டும் இல்லை, அதற்கு மேலும் இருக்கிறது. 2011-ல் யுனைடெட் வாங்கியது 19-வது லீக் பட்டம். லிவர்பூல் அன்றைக்கு வைத்திருந்த 18-ஐத் தாண்டிய பட்டம் அது. அந்தப் பட்டத்துக்கு ஓவன் கழுத்தில் மெடல் தொங்கியது. 18-ஐத் தாண்டிய மெடல்! அதைக் கழுத்தில் போட்டவரை அன்றைக்கு 18 வாங்கியிருந்த கிளப்பின் லெஜண்ட் என்கிறீர்கள். இதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள், நான் கணக்கையே மூடிவிட்டுப் போகிறேன்.

செங்கிப்பட்டிப் பேய்:
அந்த சீசன் லீக்கில் அவர் ஆடியது மொத்தம் 11 ஆட்டம் அண்ணே. அப்போது பத்து ஆடினால் மெடல். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை வாங்கியது போல.

குடமுருட்டி:
தாம்பூலப் பையோ என்னவோ, வாங்கினாரா இல்லையா?

அரசலாறு:
அண்ணே, ஃபவுலரை மட்டும் நான்காவது இடத்தில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அவர் லீட்ஸ் போனார், மான்செஸ்டர் சிட்டி போனார். சிட்டியும் மான்செஸ்டரில்தான் இருக்கிறது, வரைபடத்தைப் பாருங்கள். ஜெரார்ட் 2005 ஜூலையில் கிளப்பை விட்டுப் போகிறேன் என்று எழுதியே கொடுத்தார், மறுநாள் மனசு மாறியதால் தப்பித்தோம். ரஷ்கூட யுவென்டஸ் போய் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்தான். உங்கள் கேராகர் சின்ன வயசில், லிவர்பூல் ஊரிலேயே இருக்கும் எதிர் கிளப்பான எவர்ட்டன் ரசிகர். யாரைத்தான் விடுவீர்கள்?

குடமுருட்டி:
ஃபவுலர் 2006-ல் திரும்பி வந்தார். ரஷ் திரும்பி வந்து, மொத்தம் 346 கோலில் நின்றார். ஜெரார்ட் அப்போது போகவே இல்லை. கேராகர் சின்ன வயசில் யாரைக் கொண்டாடினால் என்ன, ஓவனும் எவர்ட்டன் ரசிகர்தான். கொள்முதல் நிலையத்தில் நெல் 17 சதவீத ஈரத்துக்கு மேல் இருந்தால் மூட்டையை ஓரமாக வை என்பான். அதுதான் சட்டம். மழை பெய்தது, ஐயா தளர்த்திக் கொடுங்கள் என்று நீங்கள் ஓவனுக்காக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். என் களத்தில் தளர்வு கிடையாது. யுனைடெட் சட்டை போட்டால் மூட்டை ஓரத்தில்தான்.

மதிலழகு:
நெல்லு, ஈரம் எல்லாம் பேசுகிற ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டாமா? நான் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மூன்று வருஷம் முன்னால் பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் நடந்த செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்துப் போட்டி. இந்த அண்ணன் ஆறு வருஷமாக எங்கள் டீமின் லெஃப்ட் விங். காலிறுதிக்கு முதல் நாள் ராத்திரி எதிர் டீம்காரர்கள் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் அவர்கள் பக்கம் நின்று கால் உதறிக்கொண்டிருந்தார். அதுவும் எங்கள் டீம் சட்டையோடு! முதுகில் இருந்த 7-க்கு மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கர் பேனாவால் 11 என்று எழுதியிருந்தது. இரண்டாவது பாதியில் வியர்வையில் ஸ்டிக்கர் ஓரம் கிளம்பி, உள்ளே 7 எட்டிப் பார்த்தது. நாங்கள் 1-0-ல் தோற்றோம். அந்த ஒன்றை அடித்தது யார் என்று கேளுங்கள்.

அரசலாறு:
அடேங்கப்பா.

செங்கிப்பட்டிப் பேய்:
7-ம் நம்பரா! ஓவனுக்கும் 7தானே. ஆண்டவன் கணக்கு.

குடமுருட்டி:
இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அந்த வருஷம் உங்கள் கேப்டன் என்னை மூன்று ஆட்டம் வெளியே உட்கார வைத்தார். என்ன காரணம்? அவருடைய மச்சான் ஊரிலிருந்து லீவுக்கு வந்திருந்தார், அவ்வளவுதான். பந்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிற மச்சான். நுழைவுக் கட்டணத்துக்கு என் பங்கு 200 ரூபாயை மட்டும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். பிரியாணி நான் கேட்டு வாங்கவில்லை, போட்டார்கள், சாப்பிட்டேன். கூப்பிட்ட இடத்தில் மரியாதை இருந்தது.

மதிலழகு:
இதைத்தான் ஓவனும் சொல்கிறார்.

குடமுருட்டி:
மன்னார்குடி மதிலழகு என்பார்கள். உங்களுக்கு மதில்மேல் பூனை என்று பெயர் வைத்திருக்கலாம். நேற்றைக்கு வரைக்கும் டோரஸ் 50 மில்லியனுக்கு செல்சி போனபோது அழுதேன் என்று எழுதினவர் நீங்கள்தானே? டோரஸ் 142 ஆட்டத்தில் 81 கோல், அவர் லெஜண்ட் இல்லை என்று போன மாதம் நீங்களே தீர்ப்பு சொன்னீர்கள். செல்சி போனவர் லெஜண்ட் இல்லை, யுனைடெட் போனவர் லெஜண்டா?

மதிலழகு:
டோரஸ் வாங்கிக் கொடுத்த கோப்பை ஒன்று சொல்லுங்கள். ஓவன் 2001-ல் மட்டும் லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை, யுவேஃபா கோப்பை. மூன்று.

வெட்டாறு:
அப்படியென்றால் கோப்பைதான் அளவுகோல் என்று வைத்துக்கொள்ளலாமா? அதைத்தான் நான் முதலிலேயே...

குடமுருட்டி:
தம்பி, கொஞ்சம் பொறு. லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஓவன் களத்திலேயே இறங்கவில்லை, பெஞ்சில் இருந்தார். யுவேஃபா இறுதி ஆட்டத்தில் அலாவேஸ் கிளப்பை 5-4 என்று முடித்தது எதிராளி தன் வலைக்குள்ளேயே தலையால் தட்டிவிட்டது. மிச்சம் ஒரு கார்டிஃப். ஒரு கார்டிஃபை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டுவீர்கள்? அந்தப் பக்கம் 2009, 2010, 2011, மூன்று சீசன் யுனைடெட் சட்டை.

அரசலாறு:
ஒரு கார்டிஃப் போதும் எனக்கு. அந்தத் திண்ணையில் நீங்கள் இல்லை, அதுதான் உங்கள் பிரச்சினை.

குடமுருட்டி:
கும்பகோணத்துக்காரர்களுக்கு எல்லாமே தங்கள் ஊரில்தான் நடக்க வேண்டும். காபியாக இருந்தாலும் சரி, கார்டிஃபாக இருந்தாலும் சரி.

அரசலாறு:
காபியைப் பற்றிப் பேசாதீர்கள். இன்று ராத்திரி டாப் 10 போடுகிறேன். ஓவன் மூன்றாவது இடம். கேராகர் பத்து.

குடமுருட்டி:
போடு. ஒவ்வொரு வரிக்கும் கீழே 2009 என்று நான் எழுதுவேன். வேறு ஒன்றும் எழுதமாட்டேன்.

மதிலழகு:
அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. அந்த 7-ம் நம்பர் சட்டை மூன்று வருஷமாக உங்களிடம்தான் இருக்கிறது. டீம் சொத்து. துவைத்துக்கூடத் தர வேண்டாம், அப்படியே கொடுத்துவிடுங்கள், வருகிற பொங்கலுக்கு ஒரு பையனுக்கு வேண்டும்.

குடமுருட்டி:
என் 200 ரூபாய் வரட்டும், சட்டை வரும். இப்போது ஓவன் விஷயத்துக்கு வாருங்கள். 18-ஐத் தாண்டிய மெடல். பதில் எங்கே?