கெண்டைக்கால் வலிக்குப் போன கதை

காட்பாடிக்காரி நான், திருநங்கை. கல்யாணச் சமையல் வேலை. போன சித்திரையில் இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிற கால்தானே என்று மூன்று நாள் தைலம் தேய்த்தேன்.

அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி. சீட்டு எழுதுகிற பையன், ஆண், பெண் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தான். "பெண்ணுன்னு போடுப்பா" என்றேன். ஆண் என்று போட்டான். கூப்பிட்டதும் ஆதாரில் இருந்த பழைய பெயரில்தான். பெஞ்சில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது.

டாக்டர் காலைப் பார்த்தது அரை நிமிஷம் இருக்கும். ஆபரேஷன் ஆயிடுச்சா, எங்கே பண்ணினே, வீட்டில் சேர்த்துக்கிட்டாங்களா என்றுதான் கேள்வி. படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். தசைப்பிடிப்பாம். வலி மாத்திரை எழுதினார்.

மறுநாள் அம்மா (பெற்றவள் இல்லை, என்னை மகளாக எடுத்துக்கொண்ட மூத்த திருநங்கை) வேறொரு டாக்டரிடம் இழுத்துப் போனார். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "உங்களை எப்படிக் கூப்பிடணும்?" அடுத்தது, "ஹார்மோன் ஏதாவது சாப்பிடறீங்களா?"

சாப்பிட்டேன். மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கி, ஒருத்தி சொன்ன கணக்குக்குத் தினம் மூன்று. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரத்தத்தை உறைய வைக்கலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார். ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனில் கட்டி தெரிந்தது. சென்னை ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரியில் நமக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஒருநாள் கூலி போகுமே என்று போகாதது என் தப்பு.

திருநர் உரிமைகளுக்கான 2019 சட்டத்தின் 15வது பிரிவு, நம் உடல்நலத்துக்காக டாக்டர் படிப்பின் பாடத்தையே மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. அந்த நாலு பிள்ளைகள் அன்றைக்கு என்ன படித்துக்கொண்டு போனார்களோ!

*

அக்கா, உங்கள் கதையைப் படித்தேன். நான் ஆரணி, திருநம்பி; பெண் என்று பதிந்து பிறந்த ஆண். அடிவயிற்று வலிக்கு மகளிர் பிரிவு வரிசையில் தாடியோடு நின்றேன். "சம்சாரம் எங்கேப்பா?" என்றார் சிஸ்டர். நான்தான் பேஷன்ட் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு தடவை அப்படியே திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை என் அண்ணியைக் கூட்டிப்போய், அவர் பெயரில் டோக்கன் போட்டு, கூட வந்தவன் மாதிரி உள்ளே போனேன்.