கடவுள் இல்லாவிட்டாலும் தவறு தவறுதானா?

அரசமரத்தடி:
போன வாரம் பஸ் இருக்கையில் ஒரு பணப்பை கிடந்தது. உள்ளே 12,000 ரூபாய்க்கு மேல். உரியவரைத் தேடிப்பிடித்துக் கொடுத்துவிட்டேன். “உங்களுக்குத்தான் சாமி நம்பிக்கை கிடையாதே, பிறகு யாருக்குப் பயந்தீர்கள்?” என்று அலுவலக நண்பர் கேட்டார். பயமெல்லாம் இல்லை. அது என் பணம் இல்லை, அவ்வளவுதான். எல்லோருக்கும் பொதுவான அறம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கடவுள் தேவையில்லை என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

காவிரிக்கரை:
வந்துவிட்டேன். நாத்திகர் நல்லவராக இருக்க முடியுமா என்பது கேள்வியே அல்ல. முடியும், என் மாமனாரே சாட்சி. கேள்வி வேறு. 1829 டிசம்பரில் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் வங்காளத்தில் சதியை, அதாவது கணவனின் சிதையில் மனைவியை எரிக்கும் வழக்கத்தை, தடை செய்தார். அதற்கு முந்தின நாளும் அது தவறுதானா? ஆம் என்றால், ஊர் கூடிச் சரி என்று சொன்னாலும் அசையாத அளவுகோல் ஒன்று இருக்கிறது. வெறும் அணுக்களால் ஆன உலகில் அதை எந்த ஆணியில் மாட்டுவீர்கள்? உங்கள் பக்கத்து நாத்திகத் தத்துவவாதி ஜே. எல். மாக்கி 1977இல் வெளிப்படையாகவே எழுதினார்: அப்படிப்பட்ட புறவய மதிப்புகள் இருந்தால், அவை உலகில் வேறு எதனோடும் ஒட்டாத விசித்திரங்களாக இருக்கும், ஆகவே அவை இல்லை. அந்தத் துணிச்சல் உங்களுக்கு உண்டா?

அரசமரத்தடி:
இல்லை, சதி அன்றும் தவறுதான். ஆனால் சிதையை மூட்டியவர்களும் சாஸ்திரத்தைத்தானே காட்டினார்கள்? பிளேட்டோவின் உரையாடலில் யூதிஃப்ரோ என்பவரிடம் சாக்ரடீஸ் கேட்டதையே உங்களிடம் கேட்கிறேன். தெய்வம் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லது என்பதால் தெய்வம் விரும்புகிறதா? முதலாவது என்றால், நாளை அது பொய்யை விரும்பினால் பொய்யும் அறம். இரண்டாவது என்றால், அறம் தெய்வத்துக்கு முன்பே நிற்கிறது. கிரேக்கம் வரை போவானேன்? பிச்சையெடுத்துத்தான் சிலர் வாழ வேண்டும் என்றால் “பரந்து கெடுக உலகியற்றி யான்” என்கிறார் வள்ளுவர் (1062). படைத்தவனுக்கே சாபம்! எந்தக் கோலால் அளந்து சபித்தார்?

காவிரிக்கரை:
அதே வள்ளுவர் நூலைக் கடவுள் வாழ்த்தில் தொடங்கியதை வசதியாக மறந்துவிட்டீர்கள். “உலகியற்றியான்” என்பது அரசனைக் குறிக்கிறது என்று கொள்வோரும் உண்டு. சரி, கடவுளாகவே இருக்கட்டும். கண் பறிபோன சுந்தரர் திருவாரூரில் “வாழ்ந்து போதீரே” என்று சிவனையே ஏசினார். அவரை நாத்திகர் என்பீர்களா? உரிமை இருக்கும் இடத்தில்தான் ஏச முடியும். சிதையை எதிர்த்த ராம்மோகன் ராயும் சாஸ்திரத்தைக் காட்டித்தான் வாதாடினார். யூதிஃப்ரோவுக்கு என் பதில்: நன்மை கடவுள் போட்ட சட்டமும் அல்ல, அவர் படித்துத் தெரிந்துகொண்ட சட்டமும் அல்ல. அது அவர் இயல்பு.

சுவடிப்பெட்டி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒன்று கடவுள், இல்லையென்றால் அணு என்று இருவரும் கோடு கிழித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நம் நாட்டில் இந்தக் கோடே கிடையாது. வேதத்தையே ஆதாரமாகக் கொண்ட மீமாம்சைத் தத்துவ மரபைச் சேர்ந்த குமாரில பட்டர் படைப்புக் கடவுளை மறுத்தவர். ஆனால் தர்மம் மனிதர் இட்டுக்கட்டியது அல்ல என்பதில் விடாப்பிடியாக இருந்தார். சமணத்திலும் படைத்தவன் இல்லை. கொல்லாமையில் அவர்களைவிடக் கண்டிப்பானவர்கள் யார்? தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாமலே வினை பலன் தரும் என்றார்கள்.

அரசமரத்தடி:
குமாரிலரை என் கட்சியில் சேர்க்காதீர்கள். கடவுளை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் வேதத்தை உட்கார வைத்தவர் அவர்.

காவிரிக்கரை:
இதில் உங்களோடு உடன்படுகிறேன், அதிசயம்தான். சுவடிப்பெட்டி ஐயா, தீயில் கை வைத்தால் சுடும். அதனால் தீயில் கை வைப்பது பாவம் ஆகிவிடுமா? பின்விளைவைத்தான் வினை சொல்கிறது. செய்தது ஏன் தவறு என்பதைச் சொல்வதில்லை.

சுவடிப்பெட்டி:
நல்ல அடி. ஆனால் உங்கள் நரகத்துக்கும் அதே அடி விழும் அம்மா.

காவிரிக்கரை:
விழட்டும். நான் நரகத்தை ஆதாரமாகக் காட்டவே இல்லையே.

அரசமரத்தடி:
ஆணி எங்கே என்று கேட்டீர்கள். 7 பகா எண் என்பது எந்த ஆணியில் தொங்குகிறது? யாரும் ஆணையிடவில்லை, ஆனாலும் உண்மை. எரிகிறவளின் வலி தீயது என்பதும் அப்படித்தான்.

காவிரிக்கரை:
7 தன்பாட்டுக்குப் பகா எண்ணாக இருக்கிறது. “பணப்பையைத் திருப்பிக் கொடு” என்று அது யாரையும் ஏவுவதில்லை. உங்களை ஏவியது எது?

அரசமரத்தடி:
தொலைத்தவர் ஒரு பெரியவர். மகளின் மருத்துவச் செலவுக்கான பணம். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

காவிரிக்கரை:
ஆனால் முகத்தைப் பார்க்கும் முன்பே கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். தேடிப்பிடித்தேன் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அரசமரத்தடி:
உண்மைதான். இன்று காலையிலிருந்து இதற்குப் பதில் தேடுகிறேன், சிக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். பையை வாங்கிக்கொண்டு அவர், “கடவுள்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்” என்றார்.

காவிரிக்கரை:
நீங்கள் என்ன சொன்னீர்கள்?

அரசமரத்தடி:
“எண்ணிப் பாருங்கள்” என்றேன். பணத்தைத்தான்.